வண்டி வந்துடுச்சு, பேரு எப்ப வரும்?



பால் பாக்கெட், பேப்பர், கேஸ் சிலிண்டர் எல்லாம் வீட்டு வாசலுக்கு வர்றது நமக்குப் பழகிப் போச்சு. அப்புறம் செல்போன் வந்துச்சு, பிரிட்ஜ் வந்துச்சு, சோபா வந்துச்சு. இப்ப பழைய காரும் வருது. போன்லயே படம் பார்த்து, போன்லயே பணம் கட்டினா, லாரி முதுகுல ஏறி வந்து நம்ம தெருவுல இறங்குது. கார்ஸ்24, ஸ்பின்னி ரெண்டுமே 2015-ல ஆரம்பிச்ச கம்பெனிகள். பத்து வருஷத்துல பழைய கார் வாங்குற பழக்கத்தையே மாத்திட்டாங்க. காரைக்கால்ல உக்காந்துக்கிட்டு சென்னையில நிக்கிற வண்டியைப் பேரம் பேசுறோம். இல்லல்ல, பேரமே கிடையாதாம். ஒரே விலை! :-)

இந்தப் பதிவு ஆன்லைன்ல பழைய கார் வாங்குறதுக்கு எதிரா எழுதுற பதிவு இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம்தான். பழைய காருங்கிறது இரும்பு மட்டும் இல்ல, ஆர்.சி.யில இருக்கிற பேரும் சேர்ந்ததுதான். இரும்பு ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுது. பேரு வரதுக்கு மாசக்கணக்காகுது. பேரு வர்ற வரைக்கும் அதை "டெலிவரி ஆயிடுச்சு"ன்னு நாமளும் சொல்லக்கூடாது, விக்கிறவங்களும் சொல்லக்கூடாது. அவ்ளோதான் என் கட்சி.

வெளியூர் நண்பர்களுக்காக எங்க ஊர் பூகோளத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். இது தெரியலைன்னா மேட்டர் புரியாது.

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாவட்டம். ஆனா புதுச்சேரி இங்கேருந்து சுமார் 130 கிலோமீட்டர். நடுவுல பூரா தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டினா தரங்கம்பாடி. தெற்கே வாஞ்சூர் தாண்டினா நாகூர். மேற்கே அம்பகரத்தூர் பக்கம் போனா பேரளம். கிழக்கே கடல். எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் அரை மணி நேரத்துல வேற மாநிலம். 1954 நவம்பர் 1-ல பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க, எல்லைக்கோடு மட்டும் அப்படியே நிக்குது. கல்யாணத்துல, சம்பந்தத்துல, சாமி கும்புடுறதுல, மீன் வாங்குறதுல இந்தக் கோடு ஒண்ணும் பண்ணாது. வண்டின்னு வந்துட்டா மட்டும் டக்குனு முளைச்சு நிக்கும். எங்க வண்டிக்கு பி.ஒய்.02. நாகப்பட்டினத்து மச்சான் வண்டிக்கு டி.என்.51. ரெண்டும் தினம் ஒரே ரோட்டுலதான் ஓடுது. ஆனா ஒண்ணை இன்னொண்ணா மாத்தணும்னா அது மாநிலம் விட்டு மாநிலம் போற கதை.

இப்படிப்பட்ட சின்ன ஊர்ல பழைய கார் வாங்கணும்னா முன்னாடி என்ன வழி இருந்துச்சு? ஒரு புரோக்கர் இருப்பார். அவர் கையில எப்பவும் நாலே நாலு வண்டிதான் இருக்கும். "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்"னு ஆரம்பிப்பார். (இந்த ஊர்ல விக்கிற பழைய வண்டி எல்லாத்தையும் டாக்டருங்கதான் ஓட்டியிருக்காங்க!) இல்லைன்னா கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சின்னு போகணும். ஒரு நாள் லீவு, கூட ஒரு மெக்கானிக், அவருக்கு பிரியாணி, சம்பளம். போய்ப் பார்த்தா வண்டி போட்டோவுல இருந்த மாதிரி இருக்காது. அப்புறம் இன்னொரு நாள் லீவு.

அதோட ஒப்பிட்டா ஆன்லைன்ல நிறைய நல்லது இருக்கு. விலை வெளிப்படையா இருக்கு. செக் பண்ணின லிஸ்ட் ஒண்ணு தர்றாங்க. கீறல், டென்ட் எல்லாத்தையும் கிட்டத்துல போட்டோ எடுத்துப் போடுறாங்க. பிடிக்கலைன்னா சில நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு பல பேர் சொல்றாங்க (எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படிச்சுப் பாருங்க). புரோக்கர்கிட்ட இந்த வசதி கிடையாது. கைநீட்டிப் பணம் வாங்கினா அதோட அவர் போனே எடுக்க மாட்டார். தனியா இருக்கிற பொம்பளைங்க, வயசானவங்க, மெக்கானிக் யாரையும் தெரியாதவங்க, இவங்களுக்கெல்லாம் இது பெரிய உதவி. இதை மறுக்கவே முடியாது.

ஆனா அந்தப் பழைய புரோக்கர் வியாபாரத்துலேருந்து ஒரு கெட்ட பழக்கத்தை நாம தூக்கிட்டு வந்துட்டோம். கையெழுத்துப் போட்ட வெத்து ஃபார்ம்! வித்தவர் படிவம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவார். வாங்குறவர் பேரை எழுத மாட்டாங்க. அந்த ஃபார்ம் டேஷ்போர்டுல கிடந்தபடியே வண்டி ரெண்டு மூணு கை மாறும். பேரு மாத்த ஆகுற செலவை அடுத்தவன் தலையில கட்டுற வித்தை இது. "ஆர்.சி. யார் பேர்ல இருந்தா என்ன சார், வண்டி உங்ககிட்டதானே இருக்கு?" இந்த ஒரு வசனத்துலதான் எல்லா வம்பும் ஆரம்பிக்குது.

எங்க தெரு அண்ணன் ஒருத்தர் கதையைச் சொல்றேன். வளைகுடாவுல பல வருஷம் இருந்துட்டு ஊரோட வந்துட்டவர். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஒரு சின்ன கார் வேணும். ஆன்லைன்ல சென்னை வண்டி ஒண்ணைப் பார்த்தார், முழுப் பணமும் கட்டினார். சொன்ன நாள்ல கரெக்டா வந்து இறங்குச்சு. பளபளன்னு இருந்துச்சு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், ஒரு பூசணிக்காய், திருநள்ளாறுல பூஜை. வண்டியில இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்லைங்கிறதையும் சொல்லணும்.

ஆர்.சி. மட்டும் வரலை. "45 நாள்ல வந்துடும் சார்"னாங்க. அப்புறம் "என்.ஓ.சி. பிராசஸ்ல இருக்கு சார்". ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் வேற ஆள், முதல்லேருந்து கதை சொல்லணும். நாலாவது மாசம் சென்னையிலேருந்து ஒரு போன். பழைய ஓனர், ரிடையர் ஆன வாத்தியார். இங்க நம்ம அண்ணன் ஓட்டினதுக்கு அங்க அவர் செல்லுக்கு அபராத மெசேஜ் போயிருக்கு. எப்படியோ நம்பரைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டிருக்கார். கோபப்படக்கூட இல்ல. "தம்பி, வண்டி உங்ககிட்ட இருக்கு, பயம் எங்கிட்ட இருக்கு"ன்னாராம். அப்பதான் தெரிஞ்சது, வாத்தியார் பழைய கடனைக் கட்டி முடிச்சும், ஆர்.சி.யில பேங்க் அடமானக் குறிப்பு நீங்கவே இல்ல. அது நீங்காம என்.ஓ.சி.க்கு எழுதிப் போடவே முடியாது. ஏழாவது மாசம்தான் அண்ணன் கைக்கு ஆர்.சி. வந்துச்சு. அந்த ஏழு மாசமும் அந்த வாத்தியார் ராத்திரி தூங்கியிருப்பாரான்னு தெரியலை.

கம்பெனி பேர் இங்க வேண்டாம். ஒரு கம்பெனியைத் திட்டிட்டுப் போறதுக்காக இதை எழுதலை. வியாபாரத்தோட அமைப்பே இப்படித்தான் இருக்குங்கிறதுதான் என் கவலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். கொட்டாவி வந்தா ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 50. வண்டியை வித்தவர், அது அதே மாநில வண்டின்னா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும். வெளிமாநில வண்டின்னா 45 நாளுக்குள்ள என்.ஓ.சி. போன்ற ஆவணங்களைச் சேர்ப்பிக்கணும். வாங்கினவர் 30 நாளுக்குள்ள தெரிவிச்சுப் பேரை மாத்திக்கணும்.

பிரிவு 47. ஒரு மாநிலத்துல பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க புது நம்பர் வாங்கணும்.

இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுதான் எங்க ஊர்ல வழக்கம். "அதான் 12 மாசம் டைம் இருக்கே"ம்பாங்க. அந்த 12 மாசம் நம்பர் மாத்துறதுக்கு. உங்க சொந்த வண்டியை நீங்களே வேற மாநிலத்துக்குக் கொண்டுபோறீங்கன்னு வச்சுக்குங்க, அப்ப அது சரி. வண்டி கை மாறிடுச்சுன்னா 30 நாள் கணக்குதான். ரெண்டும் வேற வேற கடிகாரம்.

சென்னை வண்டி காரைக்காலுக்கு வரணும்னா வரிசை இதுதான். முதல்ல பழைய கடன் இருந்தா படிவம் 35 போட்டு அடமானம் நீக்கணும். அபராதம், வரி பாக்கி எதுவும் இருக்கக்கூடாது. அப்புறம் படிவம் 28-ல என்.ஓ.சி. அதுக்கப்புறம்தான் காரைக்கால்ல பேர் மாற்றம், புது நம்பர். இங்க மிச்ச வருஷத்துக்கு வரி கட்டணும். தமிழ்நாட்டுல ஏற்கெனவே கட்டின ஆயுள் வரியில மிச்சத்தைத் தனியா எழுதிக் கேட்டு வாங்கணும். கேட்காம யாரும் கொண்டுவந்து குடுக்க மாட்டாங்க. போன் திரையில காட்டுற விலையில இந்த வரி சேர்ந்திருக்கா இல்லையான்னு முதல் நாளே கேளுங்க. "எல்லாம் சேர்த்துதான் சார்"னு வாயால சொன்னா பத்தாது, எழுத்துல வாங்குங்க.

இந்த அலைச்சலைப் பார்த்துட்டு ஒரு குறுக்கு வழி சொல்வாங்க பாருங்க, அது எங்க ஊருக்கே உரிய ஸ்பெஷல். "நாகப்பட்டினத்துல சொந்தக்காரங்க இருக்காங்களா சார்? அந்த அட்ரஸ் குடுங்க, என்.ஓ.சி.யே வேண்டாம், சீக்கிரம் முடிச்சிடலாம்." காரைக்கால்காரன் யாருக்கு நாகப்பட்டினத்துல, மாயவரத்துல சொந்தக்காரங்க இல்ல? கேட்க ரொம்ப இனிக்கும். ஆனா இது எதிர்ப்பக்கத்துலேருந்து நமக்குத் தெரிஞ்ச கதைதான். பாண்டி நம்பருக்கு வரி கம்மின்னு வெளிமாநிலத்துக்காரங்க இங்க ஒரு அட்ரஸ் காட்டிச் சொகுசு கார் பதிவு பண்ணின விவகாரம் 2017-ல கேரளாவுல பெருசா வெடிச்சுது. சினிமாக்காரங்க பேரெல்லாம் அடிபட்டு போலீஸ் கேஸ் வரைக்கும் போச்சு. அன்னிக்கு அதைப் படிச்சுட்டு சிரிச்சோம். நாம குடியிருக்காத வீட்டு அட்ரஸைக் குடுத்தா நாமளும் அதே வேலையைத்தான் பண்றோம். என்ன, அவங்க கோடி ரூபாய் காருக்குப் பண்ணினாங்க, நாம நாலு லட்சம் ரூபாய் காருக்குப் பண்றோம்.

சரி, பேர் லேட்டா வந்தா என்ன குடி முழுகிடும்னு கேக்குறீங்களா? முழுகலாம்.

2009-ல நடந்த ஒரு விபத்து. ஒரு உயிர் போயிடுச்சு. அந்த வண்டி அதுக்கு முன்னாடியே விலைக்கு விலை பல கை மாறிடுச்சு. ஆர்.சி.யில மட்டும் முதல் ஆள் பேர் அப்படியே கிடக்கு. கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018 பிப்ரவரியில தீர்ப்பு. சட்டத்தோட பிரிவு 2(30) படி பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. பாதிக்கப்பட்ட குடும்பம் கை மாறின ஒவ்வொருத்தரையும் தேடிக்கிட்டு அலைய முடியாதுங்கிறது நியாயம்தானே? ஆனா வண்டியை வித்துட்டு நிம்மதியா இருந்த மனுஷனை நினைச்சுப் பாருங்க. நம்ம வாத்தியாரோட பயம் வெறும் மனப்பிராந்தி இல்ல, அதுக்குப் பின்னாடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கு.

வாங்கினவருக்கும் நிம்மதி கிடையாது. இன்சூரன்ஸ் இருக்கேம்பீங்க. பிரிவு 157 படி மூணாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோட தானா வந்துடும், 14 நாளுக்குள்ள பேர் மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கணும். ஆனா நம்ம வண்டி நொறுங்கினா அதுக்கு வர்ற காசு தானா வராது. பாலிசி உங்க பேருக்கு மாறியிருக்கணும். இதை உச்ச நீதிமன்றம் 1996-லயே கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. இன்னொண்ணு, பழைய ஓனர் கிளெய்ம் பண்ணாம சேர்த்து வச்ச தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) அவரோடது, வண்டியோடது இல்ல. அது 50 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். பாலிசி பேர் மாறும்போது அந்த வித்தியாசத்தை நீங்க கட்டணும். இதையும் போட்டோவுக்குக் கீழ யாரும் எழுதி வைக்கிறதில்ல.

இங்க ஒரு கேள்வி. வண்டியை விக்கிறவர் கம்பெனிகிட்ட ஒப்படைக்கிறார், கம்பெனி நமக்கு விக்குது. இந்த நடுவுல இருக்கிற காலத்துக்கு யார் பொறுப்பு? ரொம்ப நாளா இதுக்குப் பதிலே இல்லாம இருந்துச்சு. மத்திய அரசு 2022 டிசம்பர்ல மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1-லேருந்து ஒரு வழி பண்ணிச்சு. பழைய வண்டி வியாபாரிங்க ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கணும். ஓனர் வண்டியை ஒப்படைச்சதைப் படிவம் 29சி-யில ஆன்லைன்ல தெரிவிச்சா, அதுலேருந்து அந்த வியாபாரிதான் ஓனரா கருதப்படுவார். என்.ஓ.சி., பேர் மாற்றம் எல்லாத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம்.

அருமையான ஏற்பாடு. ஆனா வாங்குற நம்மள்ல எத்தனை பேர் "உங்க அங்கீகாரச் சான்றிதழ் எங்கே?"ன்னு கேட்டிருக்கோம்? விக்கிற நம்மள்ல எத்தனை பேர் 29சி போட்டாச்சான்னு பார்த்திருக்கோம்? மியூசிக் சிஸ்டம் டச் ஸ்கிரீனான்னு கேக்குறோம், இதைக் கேக்குறதில்ல.

பேரைப் பத்தியே பேசிட்டு இரும்பை விட்டுடக்கூடாது. திருப்பித் தர்ற நாட்கள் இருக்கே, அதைப் பல பேர் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் வண்டியைக் காட்டிட்டு வர்றதுக்குச் செலவு பண்றாங்க. தப்பு. முதல் நாளே மெக்கானிக் பாய்கிட்ட கொண்டுபோய் நிறுத்துங்க. எங்க பாய் பண்ற முதல் வேலை, சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்க்கிறது. வெள்ளத்துல நின்ன வண்டின்னா உள்ளே சுருண்டு இருக்கிற பாகத்துல சேத்துக்கறை தெரியும். சீட்டை, மேட்டை எல்லாம் கழுவிடலாம், அதை யாரும் கழுவ மாட்டாங்க. அப்புறம் ஸ்டெப்னி வைக்கிற குழி, சீட் நகருற தண்டவாளம், கார்ப்பெட்டுக்கு அடியில. சென்னை வண்டின்னா ரெண்டு தேதி ஞாபகம் வச்சுக்குங்க. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். அந்த சமயத்துல இந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதும் இருக்கான்னு கேளுங்க, சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. கிலோமீட்டர் மீட்டரையும் சர்வீஸ் பில்லையும் வச்சு ஒப்பிட்டா மீட்டரைக் குறைச்சிருக்காங்களான்னு தெரிஞ்சிடும்.

நம்ம கடற்கரைப் பக்கத்து வண்டிகளும் ஒண்ணும் சொக்கத் தங்கம் இல்ல. உப்புக்காத்து அடியிலேருந்து தின்னுட்டு வரும். நாம விக்கும்போது இதை மறைச்சு பெயின்ட் அடிச்சு விக்காம இருந்தா அடுத்தவனுக்கும் நல்லது.

ஹோம் டெலிவரின்னு சொல்லி நடக்கிற அப்பட்டமான மோசடியையும் சொல்லிடறேன். "நான் ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, அவசரமா விக்கிறேன்"னு பாதி விலைக்கு ஒரு வண்டி. யூனிபார்ம் போட்டோ, அடையாள அட்டை எல்லாம் அனுப்புவான். "ராணுவப் பார்சல்ல வீட்டுக்கே வரும், பார்சல் சார்ஜ் மட்டும் அனுப்புங்க". அதுக்கப்புறம் ஜி.எஸ்.டி., அதுக்கப்புறம் டெபாசிட். வண்டியும் கிடையாது, ஆளும் கிடையாது. நாடு பூரா இப்படி ஏமாந்திருக்காங்க. ராணுவத்துமேல நமக்கு இருக்கிற மரியாதையையே மூலதனமா வச்சுப் பொழைக்கிறானுங்க. பணம் போயிடுச்சுன்னா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. லேட் பண்ணப் பண்ண பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடிடும்.

"நீ சொல்றதைப் பார்த்தா பேர் மாறுற வரைக்கும் வண்டியைத் தொடவே கூடாது போலிருக்கே? நடக்குற காரியமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என்.ஓ.சி. ஒரு அரசாங்க ஆபீஸ்ல, புது நம்பர் இன்னொரு அரசாங்க ஆபீஸ்ல, கம்பெனி மட்டும் என்ன பண்ணும்? ஒத்துக்கிறேன். எல்லாத் தாமதமும் கம்பெனி தாமதம் இல்ல.

ஆனா இதைக் கொஞ்சம் யோசிங்க. பழைய காருக்குக் கடன் குடுக்குற பேங்க் என்ன பண்ணுது? ஆர்.சி.யில வாங்கினவர் பேரும், அதுக்குக் கீழ தன் அடமானமும் ஏறியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. ஏறலைன்னா விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். பேங்க்காரன் வண்டியோட பளபளப்பைப் பார்த்து ஏமாறுறதில்ல. பேப்பர்ல பேர் வந்தாத்தான் அவனுக்கு அது வண்டி. கடன் குடுக்கிறவனுக்கு இருக்கிற இந்தத் தெளிவு, ரொக்கமா காசு குடுக்கிற நமக்கு ஏன் இருக்கக்கூடாது?

அதனால என் ஆலோசனை இது:

1. பணம் கட்டுறதுக்கு முன்னாடி அரசாங்கத்தோட பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டு அடமானம், இன்சூரன்ஸ், அபராத பாக்கி எல்லாம் பாருங்க. அடமானம் நீங்காத வண்டியா? நீங்கட்டும், அப்புறம் வாங்கலாம்.

2. "நீங்க சொந்தமா விக்கிறீங்களா, இல்ல வேற யாரோ விக்கிறதுக்கு இடம் மட்டும் குடுக்குறீங்களா?"ன்னு கேளுங்க. 2020-ம் வருஷ மின்வணிக விதிகள் இந்த ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்கு. ஏதாவது ஆச்சுன்னா யாரைப் பிடிக்கணும்ங்கிறது இந்தப் பதில்லதான் இருக்கு.

3. ஆர்.சி. உங்க பேர்ல, உங்க ஊர் நம்பரோட எந்தத் தேதிக்குள்ள வரும், வராட்டி என்ன தருவாங்க? எழுத்துல வேணும். ஒரு பகுதி பணத்தை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கலாமான்னு கேளுங்க. முடியாதும்பாங்க. நூறு பேர் கேட்டா முடியும்.

4. முறையான பில் வாங்குங்க. பதிவு பெற்ற வியாபாரிங்க தங்களோட லாப வித்தியாசத்துக்கு 2025 ஜனவரி 16-லேருந்து 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டணும். பில் இல்லைன்னா நாளைக்கு எந்த நீதிமன்றத்துலயும் நீங்க யாரோ, அவங்க யாரோ.

5. வாங்கினவருக்கும் பழைய ஓனருக்கும் ஒருத்தர் நம்பர் இன்னொருத்தர்கிட்ட இருக்கணும். கம்பெனி தர மறுத்தாலும் வித்தவர் தன்னோட ஒப்படைப்பு ரசீதைப் பத்திரமா வச்சிருக்கணும்.

6. புகார்னா மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துல அதைப் பெற்றுக்கொண்டதாச் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும். வரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும், நாம குடியிருக்கிற ஊரை வச்சே வழக்குப் போடலாம். குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே கிடையாது.

கடைசியா கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்துல "5 நாளில் டெலிவரி"ன்னு பெருசா போடுறீங்க. கூடவே "எங்ககிட்ட வாங்கின வண்டிகளுக்கு ஆர்.சி. பேர் மாற சராசரியா இத்தனை நாள் ஆச்சு"ன்னு ஊர் வாரியா போடுங்களேன். சென்னைக்குச் சென்னை எத்தனை நாள், சென்னையிலேருந்து காரைக்காலுக்கு எத்தனை நாள்? கணக்கு உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும். அதை முதல்ல போடுற கம்பெனிகிட்டதான் என் சொந்தக்காரங்களை வாங்கச் சொல்லுவேன். வண்டியை லாரியில ஏத்தி 300 கிலோமீட்டர் கொண்டுவந்து இறக்கத் தெரிஞ்ச உங்களுக்கு, ஒரு பேரை பூவம் எல்லையைத் தாண்டிக் கொண்டுவரத் தெரியாதா என்ன?

ரெண்டு மாநில ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அதே வார்த்தைதான். தினம் ஒரே ரோட்டுல ஓடுற வண்டிங்க. ஒரே கம்ப்யூட்டர்ல, ஒரே வாகன் மென்பொருள்ல இருக்கிற தகவல். தாள் மட்டும் இன்னும் மாட்டு வண்டியில வருது.

நீங்க என்ன நினைக்கிறீங்க? வெளிமாநில வண்டி வாங்கினவங்க, பேர் மாற எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க. வித்தவங்களும் சொல்லுங்க, அந்தக் கதைதான் வெளியில வரதேயில்ல.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்ல. மேலே இருக்கிற பிரிவு நம்பரை வச்சு யார்கிட்டயாவது சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துடுங்க.

டிஸ்கி 2: இதைப் படிச்சுட்டு யாராவது புரோக்கர் அண்ணன் கோச்சுக்கிட்டா, அந்த டாக்டர் வண்டி மேட்டரை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன். வெத்து ஃபார்ம் மேட்டரை வாபஸ் வாங்க முடியாது.